எந்தப் பட்டியலில் நாம்? சுனாமி, அணுஉலை, சேரி

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக, 2024 டிசம்பரில் சென்னை அடையாறில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசர் பெயரில் நடக்கும் கூட்டத்தில் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "இலக்கியக் கூட்டத்துக்கு வந்து இன்ஜினியர் பேச்சா?" என்றார். நான் பொறியாளர் இல்லை. தமிழ் வாத்தியார். ஆனால் பண்டிதரை நினைக்கும் இடத்தில் பேச வேண்டிய பேச்சுதான் இது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

பண்டிதருக்கும் அடையாறுக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியும். கர்னல் ஆல்காட் 1894-இல் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியது இங்கேதான். 1898-இல் பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். அதற்கும் முன்பு அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் இன்று நினைவுபடுத்த விரும்புகிறேன். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை ஆதித்தமிழர் என்று பதிய வேண்டும் எனக் கோரியவர் அவர். அரசாங்கத்தின் ஏட்டில் நீ என்னவாக எழுதப்படுகிறாய் என்பது உன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்று அன்றைக்கே புரிந்துகொண்டவர். பட்டியல் என்பது வெறும் காகிதம் இல்லை என்று அறிந்தவர்.

நான் இன்று பேசப் போவது அப்படிப்பட்ட ஒரு பட்டியலைப் பற்றித்தான். நிலநடுக்கமோ சுனாமியோ அணுஉலை விபத்தோ வந்தால் யாருக்குத் தகவல் சொல்வது, யாரை வண்டியில் ஏற்றுவது, யாருக்கு மாத்திரை கொடுப்பது, யாருக்கு இழப்பீடு தருவது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பேரிடர் ஆயத்தம் என்று அதிகாரிகள் சொல்வதன் உயிர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சாதிவாரியாகப் பார்த்தால் நாம் பட்டியல் இனத்தவர். இந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோமா?

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

2012 ஏப்ரல் 11. சுமத்ரா தீவுக்கு அப்பால் கடலுக்கடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சென்னையில் நாற்காலி மேசை ஆடியது. இந்த அடையாறில் அடுக்குமாடிகளிலிருந்து மக்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். சுனாமி எச்சரிக்கையும் வந்தது. நல்லவேளை, பெரிய அலை எழவில்லை. அந்த நேரத்தில் அம்மா மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. கீழே இறங்கி வந்த பிறகுதான் நிலநடுக்கம் என்று தெரிந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர்கள். என் தம்பியின் படிப்புக்குப் பணம் தந்தவர்கள். அன்று இரவு அம்மா சொன்னார்: "அடுப்ப அணைச்சிட்டுப் போகணும்னு ஞாபகம் வந்திருக்கு. என்னைக் கூப்புடணும்னு வரலை."

அம்மா மீது அவர்களுக்குப் பகையில்லை. ஆபத்து நேரத்தில் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்கள் மனதில் இருந்த பட்டியலில் அம்மா இல்லை, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் நடந்தது இது. ஊர் அளவில், மாவட்ட அளவில், நாட்டின் அளவில் இதுவே நடந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 நமக்குக் காட்டியது. இன்னும் சில நாளில் இருபது ஆண்டு நிறைகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.28 மணிக்கு சுமத்ரா அருகே பூமி நடுங்கியது. சென்னைக் கரையை அலை தொட்டபோது ஏறக்குறைய ஒன்பது மணி. இடையில் இரண்டரை மணி நேரம். கார் நிகோபாரை அலை அதற்கு வெகுநேரம் முன்பே அடித்துவிட்டது. செய்தி டெல்லிக்கும் போயிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி கடற்கரைக்கு வரவில்லை. டெல்லியில் வானிலைத் துறையின் தொலைநகல் ஒன்று, பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்ததாக அப்போதே பத்திரிகைகள் எழுதின. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஊரூர் குப்பத்திலும் ஆல்காட் குப்பத்திலும் வலை காய்ந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் சீனிவாசபுரத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் மீனவ மக்கள். அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கடற்கரையில் மீனவர்கள் மட்டும் வாழவில்லை. படகில் கூலிக்குப் போனவர்கள், கழிமுகத்தில் நண்டும் இறாலும் தடவிப் பிடித்தவர்கள், கருவாடு சுமந்தவர்கள், உப்பளத்தில் உழைத்தவர்கள், கடலோர வயலில் நாற்று நட்டவர்கள் என்று தலித்துகளும் இருளரும் இருந்தார்கள். படகு இழந்தவருக்குப் படகின் பேரில் நிவாரணம் கணக்கிடப்பட்டது. படகே இல்லாதவர் எதை இழந்தார் என்று எந்தக் காலத்தில் எழுதுவது? வயலில் உப்புநீர் ஏறினால் பட்டாதாரருக்கு இழப்பீடு. அந்த வயலில் வேலை போனவருக்கு?

நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித் குடும்பங்கள் தனியே ஒதுக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியில் கை வைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டதும் அன்றைய பத்திரிகைகளிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிலும் பதிவாகியிருக்கின்றன. உடல்களை எடுத்தவர்கள் யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. நிவாரணப் பட்டியலில் இல்லாத சாதி, பிணம் தூக்கும் பட்டியலில் முதலில் இருந்தது. 2015 வெள்ளம் முடிந்து சென்னையைக் கழுவ வந்தவர்களும் அவர்கள்தான்.

அதே காலையில் அதே அலை இங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தெற்கே கல்பாக்கத்தையும் அடித்தது. அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளில் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது. குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் பம்பு வீட்டுக்குள் அலை புகுந்தது. உலை நிறுத்தப்பட்டு, பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. கதிர்வீச்சு வெளியேறவில்லை. சில நாளில், 2005 ஜனவரி 2 அன்று, உலையை மீண்டும் இயக்கினார்கள். பக்கத்தில் அப்போதுதான் தோண்டிக்கொண்டிருந்த வேக ஈனுலையின் கட்டுமானக் குழியில் கடல் நிறைந்தது. ஊழியர்கள் வாழும் நகரியத்தில் உயிர்கள் போயின. சுற்றியிருந்த குப்பங்களிலும் போயின.

அன்று கல்பாக்கத்தின் உலையில் வேலை செய்தவர்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று நாம் எதிலிருந்து தப்பினோம் என்பது புரிய, அணுஉலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அதை நிறுத்தினாலும் அது உடனே ஆறாது. அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் தணல் கனன்றுகொண்டே இருப்பதைப் போல. உலையை நிறுத்திய கணத்தில், முழு ஓட்டத்தில் இருந்த வெப்பத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் இன்னும் இருக்கும். நேரம் ஆக ஆகக் குறையும், ஆனால் நாள்கணக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் நிலையம் தன் உயிருக்கு வெளி மின்சாரத்தை நம்பியிருக்கிறது. கல்பாக்கத்தில் அன்று பம்புகள் நனைந்தன, ஆனால் மின்சாரம் அறுபடவில்லை.

மின்சாரம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் உலகம் பார்த்தது. 9.0 அளவிலான நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது. உலைகள் தாமாகவே நின்றன. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரம் கழித்து அலை வந்தது. அந்த நிலையம் 5.7 மீட்டர் அலைக்குத்தான் கணக்குப் போட்டிருந்தது. வந்தது 14 மீட்டருக்கும் மேல். தாழ்ந்த தளத்தில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. 15 மீட்டருக்கும் மேலான அலை வரக்கூடும் என்று அந்த நிறுவனமே 2008-இல் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இது மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்று 2012-இல் சொன்னது.

அதே கடற்கரையில், நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகே, ஒனகாவா என்று மற்றொரு அணுமின் நிலையம். அதைக் கட்டும் காலத்திலேயே பழைய சுனாமிகளை நினைத்து உயரமான இடத்தில் கட்டியாக வேண்டும் என்று ஒரு பொறியாளர் பிடிவாதம் பிடித்தார். அந்த நிலையம் தாங்கியது. வீடிழந்த ஊர்மக்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். ஆக, இயற்கை செய்ததை மட்டும் பேசி நாம் தப்பிக்க முடியாது. எங்கே கட்டினார்கள், யார் சொல்லைக் கேட்டார்கள் என்பதுதான் இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்.

புகுஷிமாவில் இன்னொன்றும் நடந்தது. ஆபத்து வட்டத்துக்குள் இருந்த ஒரு மருத்துவமனையில் படுக்கையில் கிடந்த முதியவர்களை வெளியேற்றுவதில் நாள்கணக்கில் தாமதம் ஆனது. பலர் வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் இறந்தார்கள். கதிர்வீச்சால் அல்ல, நடக்க முடியாதவர்களை எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் முன்கூட்டி யோசிக்காததால். பணக்கார நாடு, பயிற்சி பெற்ற நாடு, ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கும் நாடு. அங்கேயே பட்டியலில் விடுபட்டவர்கள் செத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டு விதிகளின்படி அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டமிடல் மண்டலம். வேலிக்கு உள்ளே ஏதாவது நடந்தால் நிலையத்தின் பொறுப்பு. வேலிக்கு வெளியே வந்துவிட்டால் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. வெளியேற்றும் வழி, தங்குமிடம், வண்டி, அயோடின் மாத்திரை எல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் நடத்துகிறார்கள். இதெல்லாம் நல்லதுதான். என் கேள்வி, அந்தத் திட்டத்தில் ஊர் என்று எழுதியிருக்கும் இடத்தில் எது ஊர்?

வடக்கிலிருந்து வந்த அதிகாரிக்கு ஊர் என்றால் ஊர்தான். நமக்குத் தெரியும், ஊர் வேறு, சேரி வேறு. இந்தியக் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பதில் சொன்னது இதை அறிந்துதான். பல ஆண்டுகளுக்கு முன் டெல்டாவில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தேன். புயல் எச்சரிக்கை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. ஊர்த்தெரு முழுக்கச் சுற்றி, கோயில் முனையில் திரும்பிப் போய்விட்டது. சேரி அங்கிருந்து அரை கிலோமீட்டர், வாய்க்காலைத் தாண்டி. காற்று வீசிய பக்கத்தில் இருந்ததால் பாதி வார்த்தை எங்களுக்குக் கேட்டது. ஓட்டியவரிடம் மறுநாள் கேட்டேன். "ஊருக்குள்ள சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன் சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

புயலுக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. கேட்டவர் வந்து சொல்லலாம். சுனாமிக்கு இரண்டரை மணி நேரம். கதிர்வீச்சுக் கசிவு என்றால் அதுவும் இல்லாமல் போகலாம். அயோடின் மாத்திரை கதிரியக்க அயோடின் உடலுக்குள் போவதற்கு முன்போ, போன சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பயன். அதுவும் தைராய்டு சுரப்பியை மட்டும் காக்கும், மற்ற கதிர்வீச்சுக்கு மருந்து ஆகாது. அந்த மாத்திரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து, சேரி வாய்க்காலுக்கு அப்பால் இருந்தால்? குடும்ப அட்டையை வைத்து எண்ணி வாங்கினால், குடும்ப அட்டையே இல்லாத இருளர் குடும்பத்துக்கு? செங்கல் சூளையில் ஆறு மாதம் தங்கி வேலை செய்பவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது?

வேலிக்கு உள்ளேயும் ஒரு பட்டியல் இருக்கிறது. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் ஒரு வால்வு பழுதானதால் ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் அளக்கும் கருவி இருக்கவில்லை. பல மாதம் கழித்துத்தான் அதிகாரிகள் பொதுவெளியில் பேசினார்கள். நிரந்தர ஊழியருக்கே இந்த நிலை. அணுமின் நிலையங்களில் துடைப்பதும் சுமப்பதும் பெயிண்ட் அடிப்பதும் எந்த நாட்டிலும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிகள்தான். ஜப்பானில் டோக்கியோவின் சன்யா, ஒசாகாவின் காமகசாகி போன்ற நாள்கூலிகளின் குடியிருப்புகளிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுபோன கதை அங்கே எழுத்தாகவும் படமாகவும் பதிவாகியிருக்கிறது. வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய், பத்தாண்டு கழித்து நோய் வந்தால், அந்த மனிதனின் கதிர்வீச்சுக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மின்சாரத்துக்கு எதிரி இல்லை. அண்ணல் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, மலிவான மின்சாரம் இல்லாமல் இந்தியாவின் வறுமை தீராது என்று வாதாடியவர். விளக்கு இல்லாத வீட்டில் படித்தவன் நான். இருட்டை யாரும் எனக்குப் பெருமையாகக் காட்ட வேண்டாம். ஆனால் மின்சாரம் ஒரு பக்கம், அதன் ஆபத்து மறுபக்கம் என்று பிரித்துக் கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. கூடங்குளத்தில், இடிந்தகரையில் கேள்வி கேட்ட மக்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அணுஉலை வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த அரங்கிலேயே இரண்டு கருத்து இருக்கலாம். என் பெயரைப் பட்டியலில் எழுது என்று கேட்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இந்த ஊரிலேயே அந்தப் பிரிவினை எப்படி நடந்தது என்று பாருங்கள். சுனாமிக்குப் பிறகும், ஆற்றோரம் கடலோரம் ஆபத்து என்று சொல்லியும், குடிசைகளை அகற்றி மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோனார்கள். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் தலித்துகள் கணிசமானவர்கள். பாதுகாப்பான இடம் என்று சொல்லிக் கொடுத்த செம்மஞ்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலம். 2015-இல் அங்கே வெள்ளம் நின்றது. பள்ளிக்கூடமும் வேலையும் இருபது கிலோமீட்டர் தூரம் போனது. காலி செய்த கடற்கரை அழகானது. ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற சொல் நம் மக்களை நகர்த்தும் சொல்லாகவும் இருக்கிறது. அதனால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், எங்கே, எப்படி, யாருடைய சம்மதத்தோடு என்று கேளுங்கள்.

கேட்க நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், சுனாமி முடிந்த ஓராண்டில் வந்தது. அதன் 61-ஆவது பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. நாகப்பட்டினத்து முகாம்களில் தண்ணீர் மறுக்கப்பட்ட நம் மக்கள்தான் இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்பதற்குச் சாட்சி. ஆனால் அது நிவாரணத்தைப் பற்றிப் பேசுகிறது. நிவாரணம் என்பது செத்த பிறகு. சாகாமல் இருப்பதற்கான எச்சரிக்கையிலும் ஒத்திகையிலும் வண்டியிலும் அதே சமத்துவம் வேண்டும் என்பது நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

மாணவர்களுக்கு வேலை ஒன்று சொல்லி முடிக்கிறேன். எச்சரிக்கை மையம் இன்று இருக்கிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்குகிறது. கடலடியில் நடுக்கம் வந்தால் சில நிமிடத்தில் அங்கே தெரிந்துவிடும். ஹைதராபாத்திலிருந்து மாவட்டத் தலைநகர் வரை செய்தி நொடியில் வரும். கடைசி அரை கிலோமீட்டர், கோயில் முனையிலிருந்து வாய்க்காலைத் தாண்டிச் சேரி வரை, அதுதான் வராது. அந்த அரை கிலோமீட்டரை நாம் எழுத வேண்டும்.

கல்பாக்கத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டரில் ஒவ்வொரு சேரிக்கும், ஒவ்வொரு இருளர் குடியிருப்புக்கும் போங்கள். எத்தனை வீடு, எத்தனை குழந்தை, கர்ப்பிணிகள் யார், நடக்க முடியாதவர் யார், வெளியேறும் பாதை எது, அது யாருடைய தெரு வழியாகப் போகிறது, ஒத்திகை கடைசியாக எப்போது இங்கே வந்தது என்று கேட்டு எழுதுங்கள். மாவட்டத் திட்டத்தில் அந்தக் குடியிருப்பின் பெயர் தனியாக இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வருகிற ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். நம் தெருவுக்கு ஒலிபெருக்கி வேண்டும், நம் தெருவுக்கு ஒத்திகை வேண்டும், மாத்திரையின் கணக்கில் நம் தலை எண்ணப்பட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கதை எழுதுகிறவர்கள் அங்கே கேட்டதைக் கதையாகவும் எழுதுங்கள். இரண்டும் இலக்கியப் பணிதான். பண்டிதர் பத்திரிகை நடத்தியதும் கணக்கெடுப்பில் பெயர் கேட்டதும் ஒரே கையால்தான்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "அன்னைக்கு நானா இறங்கி வந்தேன். கூப்ட்டிருந்தா சேர்ந்தே இறங்கியிருப்பேன்" என்றார்.

கூப்பிட வைப்போம், தோழர்களே.